சிங்கப்பூர் டூர்... குழந்தை கடைசியாக எப்போ ஒண்ணுக்குப் போச்சு?

"டாக்டர், லீவுக்குக் குடும்பத்தோட சிங்கப்பூர் போறோம். பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு மூணு. என்னென்ன மருந்து எடுத்துட்டுப் போகணும்?"

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், என் கிளினிக்கில் வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கையில் ஒரு லிஸ்ட்டும் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, சளிக்கு மட்டும் மூன்று! நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "சின்னவன் இன்னிக்குக் கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா பாட்டியைப் பார்ப்பார். பெரும்பாலும் பாட்டிதான் பதில் சொல்வார். அந்தப் பாட்டியை டூருக்குக் கூட்டிப் போவதில்லை என்பதுதான் பிரச்னை.

சிரிக்காதீர்கள். வெளிநாட்டில் நாலு நாள் ஊர் சுற்றப் போகிற சின்னக் குழந்தைக்கு வரக்கூடிய தொல்லைகளில் பாதிக்கு மேல் உடம்பில் நீர் வற்றுவதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழிகள் உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். இதை 'எண்வகைத் தேர்வு' என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நாடியை எங்களிடம் விட்டுவிடுங்கள். மற்ற ஏழையும் ஹோட்டல் அறையில் உட்கார்ந்தபடி எந்தத் தாயும் பார்த்துவிடலாம்.

இவ்வளவு பேசுகிற நானே கோட்டை விட்ட கதையைச் சொல்கிறேன்.

2023-ல் மகள் குடும்பத்தோடு நானும் என் மனைவியும் சிங்கப்பூர் போயிருந்தோம். பேரனுக்கு மூன்று வயது. லிட்டில் இந்தியா பக்கம் ரூம். இரண்டாவது நாள் காலையில் மண்டாய் மிருகக்காட்சி சாலை. 1973-ல் திறந்தது, கம்பிக்கூண்டு அதிகம் இல்லாமல் அகழியும் மரமுமாக அமைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கே திரும்பி வர மனசு வராது. உச்சி வெயில் முழுவதும் அங்கேயே நடந்தோம். சாயங்காலம் நேராக 'கார்டன்ஸ் பை த பே'. ராத்திரி 7.45-க்கு அந்த ராட்சத மரங்களில் விளக்குகள் பாட்டுக்கு ஆடுமே, அதைப் பார்க்க.

பேரன் தள்ளுவண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "பாருங்க, எவ்வளவு சமர்த்தா இருக்கான்!" என்று மாப்பிள்ளை பூரித்தார். நானும் தலையாட்டினேன். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவன், வாயாடிப் பிள்ளை இரண்டு மணி நேரமாகப் பேசவில்லையே என்று யோசிக்கவில்லை. 'மொழி' என்று ஒன்று எட்டில் இருக்கிறதே, அதை மறந்துவிட்டேன்.

ரூமுக்கு வந்ததும் மணி ஒன்பது. டயப்பரைக் கழற்றிய என் மனைவி கேட்டாள்: "இது எப்போ மாத்தினது?" மத்தியானம் ஒரு மணிக்கு. தொட்டுப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது! எட்டு மணி நேரம். நாக்கை நீட்டச் சொன்னேன். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, நடுவில் வெள்ளை படிந்திருந்தது. சிணுங்கினான், கண்ணில் தண்ணீர் வரவில்லை.

என்னைத் தெரிந்துகொண்டான், வாந்தி இல்லை, கொடுத்ததைக் குடித்தான். அதனால் ஒரு மணி நேரம் கெடு வைத்தேன். ஓ.ஆர்.எஸ். கரைத்து, டீஸ்பூனால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. மகள் அதற்குள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள். 9.50-க்கு "தாத்தா, ஒண்ணுக்கு" என்றான். அடர்ந்த மஞ்சளாகக் கொஞ்சம் போனான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. பக்கத்தில் மருத்துவர் இல்லாத நீங்கள் இப்படிக் கெடு வைத்துப் பார்க்க வேண்டாம். எட்டு மணி நேரம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஊரில் குழந்தைக்குத் தன் டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியும், தானே கேட்கும். புது ஊரில் வேடிக்கை பார்க்கிற ஜோரில் கேட்காது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லை. வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. நம் மே மாதச் சென்னையோடு ஒப்பிட்டால் "இதென்ன வெயில்" என்று தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு குளிராது. பிறகு ரயில், கடை எல்லாம் ஏ.சி. உள்ளே போனதும் தாகம் அடங்கிவிடும், வெளியே வந்ததும் மறுபடி வியர்க்கும். இப்படி நாள் பூரா.

இன்னொன்று. அங்கே எம்.ஆர்.டி. ரயிலில் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. தண்ணீரும்தான்! மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். அதனால் ரயில் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன் வெளியே நிறுத்தி அரை டம்ளர் கொடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் மறுபடி அரை டம்ளர். ஒரு நாளைக்கு நாலைந்து முறை ரயில் ஏறுவீர்கள், கணக்குத் தானே சரியாகிவிடும். அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். "வழியில பாத்ரூம் தேடணுமே" என்று சில தாய்மார்களே குழந்தைக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அந்த ஊரில் கழிப்பறைக்குப் பஞ்சமே இல்லை. ரயில் நிலையம், ஹாக்கர் சென்டர், மால், எங்கும் உண்டு. தயவு செய்து இந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

சித்தர்கள் சிறுநீரில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்க்கச் சொன்னார்கள். நல்லெண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்க்கும் நெய்க்குறியும் உண்டு. ஹோட்டலில் அதெல்லாம் வேண்டாம். உங்களுக்கு நிறமும் நேரமும் போதும். வைக்கோல் நிறத்துக்கு வெளிறி இருந்தால் நிம்மதி. கடுகெண்ணெய் மாதிரி மஞ்சள் அடர்ந்தால் அந்த நாளின் புரோகிராமில் ஒன்றை வெட்டுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணிக்கொரு முறையாவது போக வேண்டும். கடைசியாகப் போன நேரத்தைச் செல்போனில் குறித்து வையுங்கள். போட்டோ எடுக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

தொடு உணர்வு என்றால் நெற்றியை மட்டும் தொடாதீர்கள். நெற்றி கொதித்து, கை கால் ஜில்லென்று இருந்தால் காய்ச்சல் ஏறுகிறது என்று அர்த்தம். வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் உடனே விரிய வேண்டும். மெதுவாக விரிந்தால் நீர் வற்றிவிட்டது. விழி உள்வாங்கியிருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா பாருங்கள். நிறத்தில், உள்ளங்கை, உள்ளங்காலில் சிவந்த கொப்புளமும் வாயில் புண்ணும் சேர்ந்து தெரிந்தால், அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். சின்னக் குழந்தைகளிடையே அந்த ஊரில் சகஜம். வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிக்க மறுக்கும், அதுதான் அதில் ஆபத்து. மலம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். புது டாய்லெட்டைப் பார்த்துப் பயந்து அடக்கிக்கொள்வார்கள். ராத்திரி ஊற வைத்த உலர் திராட்சை, கனிந்த வாழைப்பழம் போதும். விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள்!

நேர விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை எட்டு என்றால் குழந்தையின் வயிற்றுக்கு ஐந்தரைதான். "ஓசி பிரேக்பாஸ்ட் போயிடும்" என்று எழுப்பித் திணிக்காதீர்கள். நாலு நாள் டூருக்காகக் குழந்தையின் கடிகாரத்தை மாற்ற வேண்டியதே இல்லை. ராத்திரி பத்தரைக்குத் தூங்கினால் அது நம்ம ஊர் எட்டு மணி. இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூர் நமக்குச் சௌகரியமான ஊர்.

வெயிலுக்கு மட்டும் அந்த ஊர்க் கணக்கு. சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கு. நண்பகல் பித்தத்தின் பொழுது என்பது எங்கள் பாடம். பதினொன்றரையிலிருந்து நாலு வரை ரூமில் படுக்க வையுங்கள், அல்லது கூரைக்குக் கீழே வைத்திருங்கள். மிருகக்காட்சி சாலையைக் காலையில் திறந்ததும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். தாவரவியல் பூங்காவில் குழந்தைகளுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது, டிக்கெட் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். அவ்வளவுதான்.

முதல் நாள்தான் மோசமான நாள். சென்னையிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. நாலு மணி நேரப் பயணம், குழந்தை ரெண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். விமானக் காற்றோ ரொம்ப வறட்சி. இறங்கினால் ஹோட்டலில் ரூம் கொடுப்பது பிற்பகல் ரெண்டு, மூன்று மணிக்கு. அதுவரை "சும்மா ஏன் இருக்கணும்" என்று பெட்டியைப் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். காசு கொஞ்சம் கூட ஆனாலும் காலையிலேயே ரூம் கிடைக்கும்படி முன்கூட்டிப் பேசிவிடுங்கள். விமானம் இறங்கும்போது காது வலிக்காமல் இருக்கத் தாய்ப்பாலோ, பாட்டிலோ, ஒரு மடக்குத் தண்ணீரோ கொடுங்கள். சூயிங்கம் வாங்கி வைக்காதீர்கள். 1992 முதல் அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டு போகத் தடை.

தடை என்றதும் இன்னொன்று. சமையலறையிலிருந்து பொடி, மசாலா எடுத்துப் போகிறவர்களே, கசகசாவை எடுத்துப் பாருங்கள். அது சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. குருமாப் பொடி, பிள்ளை தூங்க வைக்கும் கைமருந்து, எதில் கலந்திருந்தாலும் வேண்டாம். அதேபோல் பெயரில்லாத பொட்டலத்தில் செந்தூரம், பற்பம், உரை மருந்து எதுவும் கொண்டு போகாதீர்கள். கஸ்டம்ஸ்காரருக்குப் பதில் சொல்ல முடியாது என்பது ஒரு பக்கம். பழக்கமில்லாத ஊரில் குழந்தைக்குப் புது மருந்தை ஆரம்பிக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். இதை ஒரு சித்த மருத்துவனே சொல்கிறேன்!

என் பையில் என்ன இருக்கும்? தெர்மாமீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு (பழச்சாறு மாதிரி இனிப்பாக டப்பாவில் விற்பது வேறு). குழந்தையின் எடைக்கு உங்கள் டாக்டர் அளவு எழுதிக் கொடுத்த பாரசிட்டமால் சிரப், சீட்டோடு. கடையில் சீல் வைத்து வாங்கிய ஓமத் தீநீர் ஒரு சின்ன பாட்டில். கொசு விரட்டி. வீசிங் உள்ள குழந்தை என்றால் அதன் இன்ஹேலர், அதைக் கைப்பையில். பேதி வந்தால் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. சிராங்கூன் ரோட்டில் இட்லியும் தயிர்ச் சாதமும் கிடைக்கும். குழந்தைக்கு ஒரு வேளையாவது பழகிய சாப்பாடாக இருக்கட்டும்.

எப்போது ஆஸ்பத்திரி? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே. எந்த வயதிலும் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டால், மூச்சு இழுத்தால், வலிப்பு வந்தால். ஆம்புலன்சுக்கு 995. லிட்டில் இந்தியா பக்கத்திலேயே, புக்கிட் தீமா ரோட்டில் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு இரவும் பகலும் உண்டு. வெளிநாட்டவருக்குச் செலவு கூடுதல், ஆகவே பயண இன்சூரன்ஸில் குழந்தையின் பெயரையும் சேர்த்திருக்கிறீர்களா என்று டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் "சிங்கப்பூர் போய் வந்தோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அங்கேயும் டெங்கு உண்டு. அது இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா என்று போனில் கேட்பீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு பேசுவோம். போனை எடுத்ததும் நான் என்ன கேட்பேன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மணியைப் பார்த்துச் சொல்லுங்கள்.