ஆட்டோவின் பின்னால் டிரெய்லர்

கேள்வி: பயணிகள் ஆட்டோவில் சிறிய டிரெய்லரை மாட்டிச் சரக்கு இழுக்கலாமா?

பதில்: இழுப்பதைவிடத் திருப்புவதும் நிறுத்துவதுமே சிக்கல். ஏறத்தாழ 350 கிலோ எடையுள்ள ஆட்டோ, சமதரையில் முதல் கியரில் கணிசமான சுமையை நகர்த்திவிடும். ஆபத்து அந்த நம்பிக்கையில் தொடங்குகிறது.

வண்டியைத் திருப்புவது முன்னால் உள்ள ஒற்றைச் சக்கரம். டிரெய்லரை மாட்டும் கொக்கியோ பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே கொக்கியை அழுத்தும் சுமை முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர், கொக்கி அரை மீட்டர் பின்னால், அதன்மேல் 40 கிலோ என்றால் முன்சக்கரத்தின் பிடியில் 10 கிலோ குறையும். மேடு ஏறும்போது இன்னும் குறையும். ஹேண்டில் திரும்பும், வண்டி திரும்பாது. இதற்கு அஞ்சிச் சரக்கை டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றுவது அதைவிட மோசம். கொக்கி மேல்நோக்கி இழுபட்டு, வேகம் கூடியதும் டிரெய்லர் இருபுறமும் அலைபாயும். டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர்வதே பொதுவான அளவு.

சிறு டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இறக்கத்தில் முழுச் சுமையும் ஆட்டோவைப் பின்னாலிருந்து தள்ளும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னும் வெளிப்புறமுமாகச் சாயும். அந்த மூலையில் தாங்கச் சக்கரமே இல்லை. வண்டி கவிழ்வது இப்படித்தான்.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டறையில் கொக்கியைப் பற்றவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்பது அவசியம். அடிக்கடி சரக்கு ஏற்றுவோருக்குச் சரக்கு ஆட்டோவே ஏற்றது.