வீட்டிலிருந்து பட்டறைக்கு: 50 மீட்டரில் அருகலை ஏன் திணறுகிறது?

வீட்டு வரவேற்பறையில் காணொளி தங்குதடையின்றி ஓடுகிறது. அதே கைப்பேசியோடு கொல்லைப்புறப் பட்டறைக்குள் நுழைந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் பின்னால் தச்சுப் பட்டறையோ, வெல்டிங் பட்டறையோ, மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கொட்டகையோ வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இது தெரிந்த சிக்கல்தான். வாடிக்கையாளர் அனுப்பும் படமும் உதிரிப்பாகத்தின் விலையும் இன்று கைப்பேசியில்தான் வருகின்றன. பட்டறையில் இணையம் இல்லையென்றால் வேலை பாதிக்கிறது.

"தூரம் அதிகம், அதனால்தான் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் ஏதாவது ஒரு கருவியை வாங்கி வருவோர் பலர். ஆனால் குற்றவாளி உண்மையில் தூரம்தானா? மாணவர்களே, படிவம் 4, 5 இயற்பியலைத் துணைக்கு அழைத்து விசாரிப்போம்.

தூரம் எவ்வளவு குறைக்கிறது?

அருகலை என்பது மின்காந்த அலை. அதன் வேகம் வினாடிக்கு 300,000,000 மீட்டர். அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால், வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க, அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 6 சென்டிமீட்டர்.

ரௌட்டரிலிருந்து புறப்படும் அலை, ஊதப்படும் பலூனைப்போல எல்லாத் திசையிலும் விரிகிறது. தூரம் இரு மடங்கானால் அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். ஆகவே வந்து சேரும் வலிமை நான்கில் ஒரு பங்காகிறது. ஈர்ப்பியல் பாடத்தில் நியூட்டனின் விதியில் பார்த்த அதே கணக்குதான் இது.

இந்த வலிமையைப் பொறியாளர்கள் டிபிஎம் என்ற அலகில் அளக்கிறார்கள். 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். அதிலிருந்து ஒவ்வொரு 10 குறையும்போதும் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது. நான்கில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 6 குறைவது. 100 மில்லிவாட் அனுப்பும் ரௌட்டரை எடுத்துக்கொள்வோம். தடையற்ற வெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால், 1 மீட்டரில் -20, 10 மீட்டரில் -40, 50 மீட்டரில் -54 டிபிஎம் என்று வரும். காணொளி பார்க்க -65 அளவே போதும். -80ஐத் தாண்டினால்தான் இணைப்பு தடுமாறும்.

அப்படியானால் 50 மீட்டர் வெறும் வெளி நம்மைத் தோற்கடிக்கவில்லை!

உண்மையான தடை: சுவரும் தகரமும்

வீட்டின் ஒவ்வொரு செங்கல் சுவரும் 5 முதல் 10 வரை எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டு சுவர் தாண்டி வெளியே வந்தால் -54 என்பது -70க்கு அருகே போய்விடும். வழியில் இலை அடர்ந்த ரம்புத்தான் மரமோ வாழைத்தோப்போ இருந்தால், இலையில் உள்ள நீர் இன்னும் கொஞ்சம் உறிஞ்சும்.

கடைசியில் நிற்பது பட்டறையின் தகரச் சுவரும் தகரக் கூரையும். உலோகத்தில் சுதந்திரமாக நகரும் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அலை வந்து மோதியதும் அவை அசைந்து, அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை நினைத்துப் பாருங்கள். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் இயங்குகிறது. கதவிலுள்ள உலோக வலையின் துளைகள் 12 சென்டிமீட்டர் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அதனால் ஒளி வெளியே வருகிறது, சமைக்கும் அலை வருவதில்லை. தகரப் பட்டறையும் அப்படியொரு பெட்டிதான். அடுப்பு அலையை வெளியே விடுவதில்லை, பட்டறை உள்ளே விடுவதில்லை. சன்னல், கதவு இடுக்கு வழியாக நுழைவதுதான் மிச்சம்.

ரிப்பீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

பலர் முதலில் வாங்குவது ரிப்பீட்டர். அதைப் பட்டறைக்குள் கொண்டுபோய்ச் சொருகுவார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உள்ளே வந்து சேராத அலையை அது எங்கிருந்து எடுத்துப் பெருக்கும்? அதை வைக்க வேண்டிய இடம் பட்டறையைப் பார்த்த வீட்டின் பின்சன்னல். அப்படி வைத்தாலும், ஒரே வானொலியால் கேட்டு அதே வானொலியால் திருப்பிச் சொல்லும் கருவியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். செய்தி அனுப்பப் போதும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தகரத்தைத் தாண்டும் மூன்று வழிகள்

தகரத்தை அலையால் துளைக்க முடியாது என்றால், அதைக் கம்பியால் தாண்டுவதே சரியான வழி.

1. திசை ஆன்டெனா. வீட்டுக் கூரையோரம் ஒன்று, பட்டறையின் வெளிப்புறம் ஒன்று என ஒன்றையொன்று பார்க்கும்படி பொருத்துவார்கள். மின்விளக்குக்கும் டார்ச்சுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆற்றல் ஒரே திசையில் குவிகிறது. வெளி ஆன்டெனாவிலிருந்து சிறு கம்பி தகரத்தில் போட்ட துளை வழியாக உள்ளே போய், அங்குள்ள சிறு அருகலைக் கருவியை இயக்கும். இடையில் நேர்க்கோட்டுப் பார்வை மட்டும் போதாது. அலை செல்லும் பாதை நடுவில் பருத்த நீள்வட்ட வடிவம் கொண்டது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் பெயரால் அது ஃபிரெனெல் மண்டலம் எனப்படுகிறது. 50 மீட்டர் தூரத்துக்கு, 5 கிகாஹெர்ட்ஸில் அதன் நடு ஆரம் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர். அதற்குள் மரக்கிளை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

2. செப்புக் கம்பி. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை முழு வேகம் தரும். ஆனால் நம் நாட்டில் இடிமின்னல் மிக அதிகம். மின்னல் கம்பியின்மேல் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே போதும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நினைவுகூருங்கள். காந்தப்புலம் வேகமாக மாறினால் கடத்தியில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரு கட்டடங்களுக்கு இடையே ஓடும் நீண்ட செம்பு அதற்கு வாகான கடத்தி. ஒரே மின்னலில் ரௌட்டரும் கணினியும் கருகிவிடலாம். எனவே இரு முனையிலும் மின்னல் காப்பான் கட்டாயம். கூரை ஆன்டெனாவின் கம்பிக்கும் இது பொருந்தும்.

3. ஒளியிழை. இது கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசம் இல்லாத ஒளியிழையில் மின்னலால் மின்னோட்டத்தைத் தூண்ட முடியாது. ஒளி, முழு அகப் பிரதிபலிப்பால் இழைக்குள்ளேயே சென்று மறுமுனையை அடைகிறது. தொலைத்தொடர்புக்குக் கண்ணாடி இழை உதவும் என்று 1966இல் காட்டிய சார்லஸ் காவ், 2009இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். இரு முனையிலும் ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டி ஒவ்வொன்று வேண்டும். குழாய் புதைக்க இடமிருந்தால் இதுவே நிலைத்து நிற்கும் தீர்வு.

இவை தவிர, பட்டறைக்கு மின்சாரம் வீட்டு மின்பெட்டியிலிருந்தே போகிறது என்றால், மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் கருவியையும் சோதிக்கலாம். வெல்டிங் இயந்திரம் ஓடும்போது அதன் மின்இரைச்சலால் வேகம் விழக்கூடும்.

இணையம் பட்டறைக்குள் வந்துவிட்டபின் ஒரு வேடிக்கை நடக்கும். இதுவரை பகையாக இருந்த தகரம் நண்பனாகிவிடும். உள்ளே பரவும் அலையை வெளியே விடாமல் காத்து, பக்கத்து வீட்டு அலையின் குறுக்கீட்டையும் குறைக்கும்.

பாதுகாப்பு

கூரையில் ஏறுவதும் மின்பெட்டியைத் திறப்பதும் உங்கள் வேலையல்ல. பதிவு பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். தரவுக் கம்பியை மின்கம்பியோடு ஒரே குழாயில் புதைக்கக் கூடாது. உங்கள் பங்கு, எதை வாங்குவது என்று வீட்டார் தீர்மானிக்கும் முன் அளந்து சொல்வது.

அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அருகலை வலிமையை டிபிஎம்மில் காட்டும் செயலியை நிறுவுங்கள். ரௌட்டரிலிருந்து 1, 2, 4, 8, 16 மீட்டரில் மும்முறை அளந்து சராசரி எடுங்கள். தூரம் இரட்டிக்கும்போது 6க்கு மேல் குறைந்தால், அந்த இடைவெளியில் என்ன தடை இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு பட்டறைக் கதவின் வெளியேயும் உள்ளேயும் அளந்து ஒப்பிடுங்கள்.

சிந்திக்க

1. வெளியே -60, உள்ளே -85 என்றால், தகரத்தைத் தாண்டி வந்தது எத்தனையில் ஒரு பங்கு?
2. தூரம் 100 மீட்டரானால் ஃபிரெனெல் மண்டலத்தின் நடு ஆரம் இரு மடங்காகுமா? (குறிப்பு: ஆரம், தூரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.)
3. பட்டறைச் சுவர் பலகையாகவும் கூரை மட்டும் தகரமாகவும் இருந்தால், நீங்கள் எந்த வழியைப் பரிந்துரைப்பீர்கள்? ஏன்?