சொல் அறிவோம்: ‘ஸ்கீம்’

வணிகப் பெருமக்களாகிய நம் நாவில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘ஸ்கீம்’. ‘12 பெட்டி எடுத்தால் 1 பெட்டி இலவசம், இந்த மாதம் ஸ்கீம் இருக்கிறது’ என்று சேல்ஸ்மேன் சொல்லாத கடை தருமபுரியிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ இல்லை. அந்தச் சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

கிரேக்க மொழியில் ‘ஸ்கேமா’ என்றால் வடிவம், உருவம். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஜாதகக் கட்டத்தைக்கூட ஆங்கிலேயர் ‘ஸ்கீம்’ என்றனர். பின்னர் அது திட்டத்தைக் குறித்தது. வினைச்சொல்லாகும்போது மட்டும் பெரும்பாலும் ‘சூழ்ச்சி செய்’ என்ற கெட்ட பொருளையே தருகிறது.

நம் மொழியிலும் இப்படி நடந்ததுண்டு. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் ‘சூழ்ச்சி’ என்பதற்கு ஆராய்ந்து எண்ணுதல் என்பதே பொருள். இன்று அது சதியைக் குறிக்கிறது.

சட்டத்திலும் இச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. சிறு வணிகர் ஜி.எஸ்.டி.யை எளிதாகக் கட்ட வழி செய்வது ‘காம்போசிஷன் ஸ்கீம்’. ஊரார் பணத்தை வாரிச் சுருட்டுவோரைத் தடுக்க 1978-இல் வந்த பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும், 2019-இல் வந்த ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே ‘ஸ்கீம்’தான் உள்ளது. ஆகவே பெயரைக் கேட்டு மயங்காமல் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மேற்சொன்ன ஸ்கீமையே எடுத்துக்கொள்வோம். பெட்டி ரூ.1,000 என்றால் ரூ.12,000-க்கு 13 பெட்டி. ஒன்றின் அடக்கம் ஏறத்தாழ ரூ.923. தள்ளுபடி சுமார் 7.7 சதவீதம். மாதம் 6 பெட்டி ஓடும் கடைக்கு இது நல்ல லாபம். மாதம் 1 பெட்டிதான் ஓடும் என்றால், சரக்கு தீர 13 மாதம் ஆகும். முடங்கிய முதல் சராசரி ரூ.6,000. நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி வீதம் 13 மாதத்துக்கு ரூ.1,560. கிடைத்த இலவசப் பெட்டியோ ரூ.1,000 தான்! காலாவதித் தேதியும் எலியும் தனிக்கணக்கு. புளி சீசனில் சரக்குப் பிடிக்கக் கையில் ரொக்கமும் இருக்காது.

இன்னொன்று: ‘பிறகு கிரெடிட் நோட் வரும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு இறக்கக் கூடாது. எத்தனை எடுத்தால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கீம் என்றாலே வடிவம் என்று பார்த்தோமல்லவா? தாளில் வடிவம் பெறாதது ஸ்கீம் ஆகாது.

அடுத்த முறை ‘ஸ்கீம்’ என்ற சொல் காதில் விழுந்ததும், ஆர்டர் புத்தகத்துக்கு முன் நம் விற்பனைக் கணக்கைத் திறப்போம்.