பழைய ஃபாக்ஸ்புரோவுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்க மில்லுல ஃபாக்ஸ்புரோவுல எழுதுன பழைய ஸ்டாக் புரோகிராம்தானுங்க இன்னும் ஓடுது. எழுதினவர் இல்லை, குறிப்பும் இல்லை. ஆப்ஜெக்ட் முறைக்கு மாத்த முடியுங்களா?
– வாசகர், பீளமேடு

பதில்: முடியும். 1990-இல் எலியட் சிகோஃப்ஸ்கியும் ஜேம்ஸ் கிராஸும் ரிவர்ஸ் இன்ஜினியரிங்குக்கு வகுத்த இலக்கணப்படி, முதல் வேலை மாற்றுவதல்ல. உள்ளே இருப்பதைப் படித்து வரைந்து காட்டுவது மட்டுமே.

டிபிஎஃப் கோப்புகளில் தொடங்கலாம். அதில் ஃபீல்டின் பெயர் 10 எழுத்தைத் தாண்டாது. அதனால் நீளமான பெயர்கள் எல்லாம் உயிரெழுத்து உதிர்ந்து எலும்பாக நிற்கும். அவற்றுக்குப் பொருள் சொல்லக்கூடியவர் புரோகிராமர் அல்ல, குடோன் கணக்குப்பிள்ளை. ஒரே லாட் எண் நாலு கோப்பில் வருகிறதா? அங்கே 'லாட்' என்றொரு கிளாஸ் ஒளிந்திருக்கிறது. "சி என்றால் கோன், ஹெச் என்றால் சிட்டம்" என்று இஃப் வரி பத்து இடத்தில் வந்தால், நூல் தாய் கிளாஸ். கோனும் சிட்டமும் அதன் பிள்ளைகள்.

காரணம் புரியாத இஃப் வரியை அழித்துவிடக் கூடாது. திருப்பூர்ப் பார்ட்டி ஒருவருக்கு என்றோ ஒத்துக்கொண்ட தவணையாக இருக்கலாம்.

ஃபாக்ஸ்புரோவின் பிந்தைய வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவையே மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் பழுதாகும் முன் காப்பி எடுத்து வைப்பது அவசரம். மாற்றும் வேலையை மார்ச் கணக்கு முடிக்கிற சமயத்தில் மட்டும் தொடங்க வேண்டாம்.