பதினேழும் பதினெட்டும்

பட்டான்செரு,
ஆவணிக் கடைசி.

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

தாத்தா எழுதுகிறேன். நீ அனுப்பிய தாளைப் படித்தேன். காலை இறைவணக்கக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ வாசிக்க உன் முறை செப்டம்பர் 17 அன்று வருகிறது, மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். பெரியார் பிறந்தார், அமெரிக்க அரசியல் சட்டம் கையெழுத்தானது, ஜெயவர்த்தனா பிறந்தார், ஓவியர் உசேன் பிறந்தார், தி.மு.க. தொடங்கியது, ஐதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது. எதுவும் தப்பில்லை. ஆனால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. பருப்புக்கும் சோப்புக்கும் என்ன உறவு? ஒரே பையில் வந்தன, அவ்வளவுதான்.

கடைசி வரியில் போட்டிருக்கிறாயே ஐதராபாத், அதைப் பிடித்துக்கொள். போன கோடை விடுமுறையில் நீ இங்கே வந்தபோது லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றாயே அந்த மும்பை நெடுஞ்சாலை, அதற்கும் இந்தத் தேதிக்கும் சம்பந்தம் உண்டு.

1947 ஆகஸ்டில் இந்தியாவோடு சேராமல் நின்ற சமஸ்தானங்களில் மக்கள்தொகையில் பெரியது ஐதராபாத். 16 மாவட்டங்கள்: தெலுங்கு பேசுபவை 8, மராத்தி 5, கன்னடம் 3. அதை ஆண்டவர் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். நவம்பர் 29 அன்று, ‘ஓராண்டுக்கு எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்று டெல்லியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஆனால் எதுவும் இருக்கிறபடி இருக்கவில்லை. நிஜாம் பக்கம் நின்ற காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படை கிராமங்களில் கொள்ளையும் கொலையுமாகத் திரிந்தது. நல்கொண்டா, வாரங்கல் பக்கம் 1946-லிருந்தே நிலத்துக்காகவும் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு எதிராகவும் விவசாயிகள் ஆயுதம் எடுத்திருந்தார்கள். அந்தப் போராட்டம் 1951 வரை ஓயவில்லை.

1948 செப்டம்பர் 13 விடியலில் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. முதன்மைப் படை சோலாப்பூரிலிருந்து கிளம்பியது; தளபதி மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரி. நல்துர்க், ஹும்னாபாத், ஜஹீராபாத் என்று ஊர் ஊராக வந்தது. வரைபடத்தை எடுத்து விரலை வைத்துப் பார். ஜஹீராபாத்திலிருந்து ஐதராபாத் வரும் சாலை பட்டான்செருவைத் தொட்டுத்தான் போகிறது. ராணுவமே வந்தும் அதற்கு வைத்த பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. இங்குள்ள பெரியவர்கள் வாயில் இன்றும் அது ‘போலீஸ் ஆக்‌ஷன்’தான்.

ஐந்தாம் நாள், 17-ஆம் தேதி, நிஜாமின் பிரதமர் லாயிக் அலியின் அமைச்சரவை விலகியது. நிஜாம் வானொலியில் பேசி, சண்டை நின்றது என்று அறிவித்தார். மறுநாள் 18-ஆம் தேதி சௌத்ரி நகருக்குள் வந்தார். நிஜாமின் தளபதி எல் எத்ரூஸ் முறைப்படி சரணடைந்தார்.

பார்த்தாயா? சரணடைந்தது 18. எல்லோரும் நினைவு வைத்திருப்பது 17. மக்கள் காதில் விழுந்த வார்த்தைக்குத்தான் மவுசு, ராணுவ முறைக்கு இல்லை.

இப்போது உன் தாளில் இருக்கும் இன்னொரு வரிக்கு வா. சரியாக ஓராண்டு கழித்து, 1949 செப்டம்பர் 17. பெரியாரோடு மனத்தாங்கலாகிப் பிரிந்தவர்கள் சென்னை பவளக்காரத் தெருவில் கூடிப் புதுக் கட்சி காண முடிவெடுத்தார்கள். அன்று பெரியாருக்கு 70 வயது நிறைந்த நாள். மறுநாள் 18-ஆம் தேதி ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம். இங்கேயும் 17, 18! கூட்டம் சேர்ந்தது 18; ஆண்டுதோறும் கொண்டாடுவது 17. உன் அமெரிக்கக் கதையும் இதே ரகம்தான். 1787-இல் பிலடெல்ஃபியாவில் 39 பேர் கையெழுத்திட்டது செப்டம்பர் 17. போதுமான மாநிலங்கள் ஒப்புக்கொண்டு அது சட்டமாக நிலைபெற்றது 1788 ஜூனில்.

ஆக, தேதி தானாக வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ எடுத்து வைக்கிறார்கள். அது யார் என்று கேட்டுப் பார்.

பெயரும் அப்படித்தான். இதே 17-ஐ மராத்வாடாவில் ‘முக்தி சங்கிராம்’ நாள் என்கிறார்கள். குல்பர்கா, பீதர் பக்கம் ‘கல்யாண கர்நாடக உற்சவம்’. இங்கே தெலங்கானாவில் மத்திய அரசு 2022 முதல் ‘ஐதராபாத் விடுதலை நாள்’ என்கிறது. அன்றைய மாநில அரசு ‘தேசிய ஒருமைப்பாட்டு நாள்’ என்றது. 2024-இல் அடுத்து வந்த அரசு ‘மக்களாட்சி நாள்’ என்று பொருள்படும் ‘பிரஜா பாலன தினோத்சவம்’ ஆக்கியது. ஒரே காலையில், ஒரே நகரத்தில், வெவ்வேறு பெயருக்குக் கொடி ஏற்றுகிறார்கள். எனக்கு எந்தப் பெயர் பிடிக்கும் என்று கேட்காதே. விடுதலை என்று சொன்னால் அந்த நிஜாமையே 1950 முதல் 1956 வரை ராஜபிரமுகராக, அதாவது ஆளுநர் மாதிரி, உட்கார்த்தி வைத்தது இடிக்கிறது. இணைப்பு என்று மட்டும் சொன்னால் ரஜாக்கர்களிடம் செத்தவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அதற்குப் பின்னால் செத்தவர்களும்தான். நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, அந்த நாட்களிலும் அடுத்து வந்த வாரங்களிலும் 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம், பெரும்பாலோர் முஸ்லிம்கள், என்று கணித்தது. அந்த அறிக்கையை அரசு பல பத்தாண்டுகள் வெளியிடவே இல்லை. மேடையில் இதைச் சொல்ல ஆசிரியர் தயங்கலாம். நீ எழுதிக்கொண்டு போ, கேட்டால் சொல்.

உலகத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள். நிஜாம் அரசு ஆகஸ்டிலேயே ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டிருந்தது. பாதுகாப்பு அவை அதை எடுத்துப் பேசத் தொடங்கியது செப்டம்பர் 16, பாரிஸில். மறுநாள் அதே சபையின் பாலஸ்தீனச் சமரசத் தூதர் போல்க் பெர்னடோட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐதராபாத்தில் சண்டை நின்றதும் அதே நாள். இரண்டும் ஒரே சபையின் மேசையில் இருந்த விவகாரங்கள். மளிகைச் சீட்டில் இந்த உறவு தெரியாது.

ஒரு வேடிக்கை சொல்லி முடிக்கிறேன். ஆண்டுதோறும் செப்டம்பர் 17 அன்று இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் இயந்திரங்களுக்குப் பூப்போட்டு விஸ்வகர்மா பூஜை செய்வார்கள். பிள்ளையார் சதுர்த்தி ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகிறது. இது மட்டும் ஏன் ஏறக்குறைய எப்போதும் செப்டம்பர் 17? அது நிலவை வைத்து வருவதில்லை, சூரியன் கன்னி ராசிக்குள் நுழைவதை வைத்து வருகிறது. நம் புரட்டாசி பிறப்பும் அதே கணக்குதான். 2024-இல் பிள்ளையாரும் வந்து சேர்ந்துகொண்டார்: ஐதராபாத்தில் கணபதி கரைப்பு அதே 17-ஆம் தேதி. கொடியேற்றமும் மேளமும் ஒன்றாகக் கேட்டன.

மூன்று நிமிடத்துக்கு இவ்வளவும் தாங்காது. சாலையை வைத்துக்கொள், 17-ஐயும் 18-ஐயும் வைத்துக்கொள், மற்றதை வெட்டு. உசேன் பிறந்தநாள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். எழுதியதும் எனக்குப் போனில் வாசித்துக் காட்டு; கடிகாரம் பார்த்துக் கேட்கிறேன்.

அன்புடன்,
தாத்தா