ராசிபுரத்திலிருந்து நாமக்கல் ஆபீஸ் கணக்கு

கேள்வி: நாமக்கல்லில் லாரி ஆபீஸ், வீடு ராசிபுரம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள டேலி கணக்கை ராத்திரி வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 3389 என்பது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். எங்கே அது திறந்து கிடக்கிறது என்று இணையம் முழுக்கத் திருட்டு புரோகிராம்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்டு லேசாக இருந்தால் ஒருநாள் காலையில் லோடு பில், டீசல் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாம் பூட்டிக் கிடக்கும். திரையில் பணம் கேட்டு ஒரு மிரட்டல் மட்டும் நிற்கும்.

அதற்குப் பதில் வயர்கார்டு விபிஎன் (இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே பூட்டிய தனி வழி) போட்டு, அதன் வழியாக மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையுங்கள். இலவசம்தான், 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக ஒரு ஜோடி கீ உருவாகும். பப்ளிக் கீயை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம்மவர்களின் வழக்கமான கூத்து. சரியான கீ இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்டு பதிலே சொல்லாது.

ஒரு சிக்கல் உண்டு. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுத் தருகிறார்கள். அப்படியானால் வெளியிலிருந்து உங்கள் ஆபீஸை எட்ட முடியாது. ஸ்டேடிக் ஐபி கேட்டு வாங்குங்கள். அல்லது வயர்கார்டை வைத்தே இயங்கும் டெயில்ஸ்கேல் போதும். ஆபீஸில் விண்டோஸ் ஹோம் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே நுழைய முடியாது, புரோ வேண்டும். ஸ்லீப் மோடையும் அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.