பந்து பட்ட கண்: பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் கிரிக்கெட், பேட்மின்டன், ஹாக்கி, கபடி என்று உற்சாகமாக விளையாடுகிறார்கள். விளையாடத்தான் வேண்டும். ஆனால் முறிந்த கை சில வாரங்களில் கூடிவிடும். பார்வை நரம்போ விழித்திரையோ கெட்டால் முழுவதும் திரும்பி வருவது அரிது. 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இதற்கும் பொருந்தும்.

வலி நின்றுவிட்டது என்பதால் கண் தப்பிவிட்டது என்று பொருள் இல்லை. இக்கட்டுரையில் மனத்தில் பதிய வேண்டிய முக்கியமான செய்தி இதுதான்.

எந்தப் பந்து என்ன செய்யும்?

நம் கண் சுமார் 24 மில்லி மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. அதைச் சுற்றிப் புருவ எலும்பும் கன்ன எலும்பும் வேலி போல் நிற்கின்றன. சுமார் 7 செ.மீ. விட்டமுள்ள கிரிக்கெட் பந்து வந்து மோதினால் அடியின் பெரும்பகுதியை இந்த வேலி தாங்கும். ஆனால் எலும்பு உடையலாம். 4 செ.மீ. அளவுள்ள ஸ்குவாஷ் பந்தும், அதைவிடச் சிறியதான இறகுப்பந்தின் தக்கையும் வேலிக்குள் புகுந்து நேராகக் கண்ணையே தாக்கும். இறகுப்பந்து மென்மையானது என்று நினைக்க வேண்டாம். 2023-ல் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் சாதனைக்காக அடித்த ஓர் அடியின் வேகம் மணிக்கு 565 கி.மீ. என்று பதிவாகியிருக்கிறது. பள்ளி மாணவனின் அடி அந்த வேகத்தை நெருங்காது என்றாலும், வலையருகே நிற்பவருக்கு இமை மூடவும் நேரம் இருக்காது. கபடியிலும் கூடைப்பந்திலும் விரல் நகமும் முழங்கையுமே பகை.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

ஒன்று, கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் ரத்தம் கசியலாம். முதல் ஐந்து நாட்களுக்குள் மீண்டும் கசிந்தால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். ஆகவேதான் டாக்டர்கள் தலையை உயர்த்திப் படுக்கவும் ஓடியாடாமல் இருக்கவும் சொல்கிறார்கள்.

இரண்டு, விழித்திரை கிழியலாம். இதில் வலியே கிடையாது. மின்னல் போன்ற ஒளி, திடீரெனப் பறக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்கியது போன்ற இருள் ஆகியவை அடையாளங்கள். அடிபட்டு வாரங்கள், மாதங்கள் கழித்தும் இவை தோன்றலாம். கிட்டப்பார்வை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

மூன்று, கண்குழியின் அடித்தள எலும்பு உடைந்து, கண்ணை அசைக்கும் தசை அதில் சிக்கலாம். சிறுவர்களுக்கு இப்படி நேரும்போது கண் சிவக்காமல்கூட இருக்கும். ஆனால் மேலே பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரியும். குமட்டலும் வாந்தியும் வரும். இதை வயிற்றுக் கோளாறு என்று எண்ணி நாள் கடத்தக் கூடாது.

நான்கு, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி சேதமடைந்து, பல ஆண்டுகள் கழித்து கிளாக்கோமா வரலாம். பலமாக அடிபட்ட கண்ணை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு விக்கெட் கீப்பர்கள்

2000 மே மாதம் டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் கும்ப்ளே வீசிய பந்து, மட்டையாளரின் காலணியில் பட்டு எகிறி, கீப்பர் சபா கரீமின் வலக்கண்ணைத் தாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு டெஸ்ட் ஆடினார். அத்துடன் அவரது ஆட்டவாழ்வு முடிந்தது. 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டன் நகரில் தென்னாப்பிரிக்கக் கீப்பர் மார்க் பவுச்சரின் இடக்கண்ணில் ஸ்டம்பின் மேலிருந்து தெறித்த பெயில் பட்டது. அவரும் ஓய்வு பெற நேர்ந்தது. தேர்ந்த கைகளுக்கே இந்த நிலை என்றால், மாலையில் காப்பின்றி நிற்கும் நம் பையனுக்கு எச்சரிக்கை வேண்டாமா?

அடிபட்டவுடன்

* கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிஞ்சிய பழைய சொட்டு மருந்து எதுவும் விடக்கூடாது.
* கண் கிழிந்தது போலிருந்தால், அல்லது பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்தது போலிருந்தால், கழுவ வேண்டாம். காகிதக் கோப்பை ஒன்றை எலும்பில் படும்படி கவிழ்த்து ஒட்டி, சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.
* மைதானக் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் மட்டும் முறை நேர்மாறு. அங்கேயே, அந்த நொடியே, சுத்தமான தண்ணீரால் குறைந்தது அரை மணி நேரம் கழுவிய பிறகே புறப்பட வேண்டும்.
* ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தக் கசிவைக் கூட்டலாம். டாக்டர் சொல்லாமல் தராதீர்கள்.
* மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. எலும்பு உடைந்திருந்தால் காற்று கண்குழிக்குள் ஏறும்.

ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

வருமுன் காப்பு

சாதாரணக் கண்ணாடி அணிந்து ஆடுவது ஆபத்து. உடைந்தால் துண்டுகள் கண்ணில் புகும். கான்டாக்ட் லென்ஸ் எந்தப் பாதுகாப்பும் தராது. பாலிகார்பனேட் லென்ஸ் பொருத்திய, பின்னால் பட்டை உள்ள விளையாட்டுக் கண்ணாடியே ஏற்றது. கிரிக்கெட் ஹெல்மெட்டில் முகக்கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் இடையே பந்து நுழையக் கூடாது. சிறுவர் பந்து அளவில் சிறியது. அண்ணனின் ஹெல்மெட் தம்பிக்கு உதவாது. பேட்மின்டன் இரட்டையரில் வலையருகே நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர் காப்புக் கண்ணாடியின்றிக் களமிறங்கவே கூடாது.

இவை வீண் செலவல்ல. கனடாவில் பனி ஹாக்கி ஆடிய சிறுவர்களின் கண் காயங்களை 1970-களில் டாம் பாஷ்பி என்ற கண் மருத்துவர் கணக்கெடுத்துப் போராடினார். அதன் பயனாகச் சிறுவர்களுக்கு முழு முகக் காப்பு கட்டாயமானது. பார்வையிழப்பு பெருமளவு குறைந்தது.

வெளியூர்வாழ் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை

"விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மதுரையிலோ சென்னையிலோ காட்டிக் கொள்ளலாம்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அரவிந்த் மருத்துவமனை மேலும் சங்கர நேத்ராலயா மேலும் நமக்குள்ள நம்பிக்கை நியாயமானதே. ஆனால் அடிபட்ட கண் ரயில் டிக்கெட்டுக்காகக் காத்திருக்காது. டில்லியில் எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையம், ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் நிறுவனம், பெங்களூரில் மின்டோ மருத்துவமனை என்று பிற ஊர்களிலும் சிறந்த இடங்கள் உண்டு. அருகில் உள்ள கண் மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். இரண்டாவது கருத்தைப் பிறகு ஊரில் கேட்டுக் கொள்ளலாம்.

"இனி மட்டையைத் தொட்டால் பார்" என்று அப்பா திட்டுவார் என்ற பயத்தில் "ஒன்றுமில்லை அம்மா" என்று மறைக்கும் பிள்ளைகள் பலர். அடிபட்டதைச் சொன்னால் வீட்டில் திட்டு விழாது என்ற நம்பிக்கையை முன்கூட்டியே கொடுங்கள். அந்த நம்பிக்கை ஒரு கண்ணையே காப்பாற்றலாம்.